பெயின்ட் காயும் வரை இறங்காதே

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் மனைவி ஆறு புறாக்களை வானத்தில் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மூன்று கட்டளைகள் போட்டாள். கூண்டின் முன்கதவு திறந்தே இருக்க வேண்டும். மண்சட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். மற்றபடி நான் எதையும் தொடக்கூடாது. பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் பறவைகள் தாமாக இறங்கும், தாமாகக் கூண்டுக்குள் போகும், தாமாகத் தண்ணீர் குடிக்கும். இதில் என் பங்கு என்னவென்று கேட்டேன்.

"கம்முனு கீறது," என்றாள்.

ராயபுரத்தில் அவள் அக்கா பேரனுக்கு அன்று ஞானஸ்நானம். மீஞ்சூரில் ரயிலைப் பிடித்துப் போய், சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குள் திரும்பிவிடுவாள். நான் வீட்டில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் புறா மேலே இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற எனக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஞாயிறு கிடைக்கும். அதைக் கம்மென்று இருந்து கழிக்க மனம் வருமா, சொல்லுங்கள்.

எங்கள் வீடு மீஞ்சூரைத் தாண்டி, ஒரு பக்கம் வயலும் ஒரு பக்கம் ரயில் பாதையுமாக இருக்கிற இடத்தில். ராயபுரத்துச் சந்தில் இரண்டு அறையில் இருந்துவிட்டு இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. வந்ததே புறாவுக்காகத்தான் என்று நான் சொல்வேன், எனக்காக என்று அவள் சொல்வாள். மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். அவளுடைய கர்ணப் புறாக்கள் அந்த உயரத்துக்கும் மேலே போய், ஐந்து மணி, ஆறு மணி நேரம் வட்டமடித்து, நடுவில் திடீர் திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழுந்து, மறுபடி எழும்பும். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும். அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்னும் மூன்று வாரத்தில் பந்தயம். யார் மாடியில் ஏறின புறா அதிக நேரம் பறந்து அதே மாடியில் வந்து இறங்குகிறதோ அவர்களுக்குக் கோப்பை. எங்கள் பக்கத்தில் இதுவரை ஆண்கள்தான் பேர் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை முதன்முதலாக அவள் பேர் கொடுத்திருந்தாள். ஆறிலும் அவளுக்கு உயிர், வெள்ளை உடம்பில் கழுத்தோரம் ஒரு கரும்புள்ளி இருக்கிற பெட்டை. முட்டையிலிருந்து வந்த நாலாம் நாள் தாய் கைவிட்டு, இவள் ஊறவைத்த கடலையை விரலால் ஊட்டி வளர்த்தது. என்னைக்கூட அவள் அப்படி ஊட்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் நான் அன்று காலை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஆரம்பித்தேன்.

எர்ணாவூரில் பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்த நீல டிரம் அது. நாய்க்கு வீடு செய்வதென்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆக்ஸா பிளேடால் வாசல் அறுத்து, ஓரத்தில் கை கிழியாமல் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி, உருளாமல் இருக்க அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நான் கை வைத்த வேலை ஒன்று ஒரே நாளில் முடிந்தது அன்றுதான். நாய் வந்து முகர்ந்து பார்த்தது, உள்ளே எட்டிப் பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது. பூனை எங்கிருந்தோ வந்து உள்ளே போய்ச் சுருண்டது. பரவாயில்லை, யாரோ குடி வந்தார்களே. வீட்டுக்காரன் ஆன பெருமையில் எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

பிரச்சினை அந்த நெஞ்சில்தான். ஒரு வேலை உருப்படியாக முடிந்தவனுக்கு அடுத்த வேலை கண்ணில் படக்கூடாது. எனக்குப் பட்டது. மாடியில் புறாக் கூண்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழையில் நனைந்து நனைந்து சாம்பல் நிறம். கீழே பலகை, அதுவும் சாம்பல் நிறம். பந்தயத்தன்று நடுவர் என்று ஒருவர் நோட்டும் கடிகாரமுமாக வந்து காலை முதல் சாயங்காலம் வரை நம் மாடியில் உட்காருவார். அவர் எதிரில் இப்படி ஒரு கூண்டா? முகத்துவாரக்குப்பத்துத் தோஸ்து ஒருவன் படகுக்கு அடித்தது போக மீந்த அரை டின் சிகப்பு பெயின்ட் கொடுத்திருந்தான். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டும் என்று அடிக்கிற சிகப்பு. அவள் ஞானஸ்நானத்திலிருந்து திரும்பி வந்து மாடி ஏறிப் பார்த்து வாயடைத்து நிற்கிற காட்சி என் மனக்கண்ணில் வந்தது. வாயடைத்து நிற்பாள் என்பது மட்டும் சரியாக இருந்தது.

கூரை, பலகை, கதவு, புறா வந்து உட்காரும் நீட்டுக் கட்டை என்று ஒன்றையும் விடவில்லை. பாட்டு வேறு பாடிக்கொண்டு அடித்தேன். பத்தரை மணிக்கு முடித்து, கீழே இறங்கிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் மாடியில் தீயணைப்பு வண்டி ஒன்று ஏறி நிற்பதுபோல இருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நேற்று மீந்த வடகறியைச் சூடுபண்ணி நாலு இட்லி சாப்பிட்டேன். நாலாவது இட்லியில்தான் நாய் உள்ளே வந்தது. அதன் வால் நுனி சிகப்பு.

டின்னைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சரி, வால்தானே என்று எழுந்தால், சமையலறைத் தரையில் சின்னச் சின்னதாகச் சிகப்புப் பூ போட்ட மாதிரி தடம், வாசலிலிருந்து மீன் வைக்கிற மேடை வரைக்கும். பூனையும் மேலே போய் வந்திருக்கிறது. அதைத் துடைக்கத் துணியைத் தேடும்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. நாய்க்கு வாலோடு போச்சு. பன்னிரண்டு மணிக்கு ஆறு புறா வந்து அந்த ஈரத்தில் இறங்கினால்?

இறகில் பெயின்ட் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்த இறகு விழுந்து புதுசு முளைக்கிற வரைக்கும் புறா பறக்காது. பந்தயம் மூன்று வாரத்தில்.

தோஸ்துக்குப் போன் போட்டேன். எவ்வளவு நேரத்தில் காயும் என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். வெயிலில் நாலு மணி நேரம், கனமாக அடித்திருந்தால் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள் என்றான். பிறகு என் குரலில் என்ன இருந்ததோ, எதுக்கு அடித்தாய் என்று கேட்டான். சொன்னேன். அப்புறம் அவன் அக்கம்பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என் கதையைச் சொல்லும் சத்தம் கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

ஆக, இரண்டு இரண்டரை மணி வரைக்கும் ஒரு புறாவும் இறங்கக்கூடாது. இது என் புத்தியில் ஏறியதும் மாடிக்கு ஓடினேன். புறா வளர்ப்பவர்கள் பறவை சீக்கிரம் இறங்காமலிருக்க மூங்கில் கழியில் கறுப்புத் துணி கட்டி ஆட்டுவார்கள். கழி இருந்தது, துணியை அவள் துவைக்கப் போட்டிருந்தாள். கைக்குக் கிடைத்தது யார்டில் நான் போடுகிற ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு ஜாக்கெட். முதுகில் இரண்டு வெள்ளிப் பட்டை, வெளிச்சம் பட்டால் லாரிக்காரன் கண் கூசும். அதைக் கழியில் மாட்டினேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஆறு புள்ளியும் பெரிதாகிக்கொண்டு கீழே வந்தன. நான் ஜாக்கெட்டை ஆட்டினேன். சும்மா ஆட்டவில்லை, குதித்து ஆட்டினேன், கத்தி ஆட்டினேன், மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடி ஆட்டினேன். வெள்ளிப் பட்டை வெயிலில் பளீர் பளீரென்று வெட்டியது. ஆறும் ஒரே நேரத்தில் திரும்பி, பீதியில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, மேலே போன வேகத்தைப் பார்த்து எனக்கே கை தட்டத் தோன்றியது. அரை மணி கழித்து மறுபடி வந்தன. மறுபடி ஆட்டினேன். ஒன்றேகாலுக்கு மூன்றாம் முறை வந்தபோது பாதி உயரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டுத் தாமாகத் திரும்பிப் போயின. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்தேன்.

இரண்டரைக்கு விரல் வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. கழியைக் கீழே போட்டேன், கதவைத் திறந்தேன், தண்ணீர் வைத்தேன், கம்பு டப்பாவை எடுத்து ஆட்டினேன். அந்தச் சத்தம் கேட்டால் ஆறும் கல் மாதிரி விழும்.

விழவில்லை. வட்டமடித்துக்கொண்டே இருந்தன. புறாக்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். காலையில் விட்டுவிட்டுப் போன வீட்டின் கூரை சாம்பல் நிறம். இப்போது அந்த இடத்தில் ரத்தச் சிகப்பில் என்னமோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு தடியன் மின்னுகிற பேயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் துரத்தியிருக்கிறான். இறங்குவார்களா? நானாக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன்.

லக்காவைக் கொண்டுவந்தேன். லக்கா என்பது விசிறி மாதிரி வாலை விரித்துக்கொண்டு நடக்கிற, பறக்கத் தெம்பில்லாத கொழுத்த புறா. எங்கள் வீட்டில் அதன் வேலையே கூரைமேல் உலாத்துவதுதான். மேலே இருப்பவை அதைப் பார்த்து, ஓ நம் வீடு இதுதான் என்று இறங்கும். கூரைமேல் விட்டேன். மாப்பிள்ளை போல நாலடி நடந்தது. ஐந்தாவது அடியில் நின்றுவிட்டது. கூரைப் பள்ளத்தில் பெயின்ட் தேங்கி, மேலே ஆடை கட்டி, உள்ளே இன்னும் பாயசமாக இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் இரண்டு காலும் சிகப்பு. கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைத்த மாதிரி. லக்கா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ப்பக்கத்துக் கேட்மேன் தன் மாடிக்கு வந்தார். ரயில்வே கேட்டில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கத்துப் பழைய புறாக்காரர், போன வருடக் கோப்பை அவர் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. அவர் கூண்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், மழையில் நனைந்து நனைந்து சாம்பல் நிறம். காலை வரைக்கும் எங்கள் கூரை எப்படி இருந்ததோ அச்சாக அப்படி. அவர் அண்ணாந்து பார்த்தார், எங்கள் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தன்னுடைய இரண்டு லக்காவையும் கூரைமேல் விட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

புறாக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: இறங்கின மாடி யாருடையதோ, புறா அவருடையது. கெஞ்சலாம், அழலாம், தரவேண்டும் என்று கட்டாயமில்லை. அண்ணன் தம்பிக்குள்ளேயே திருப்பித் தராமல் பத்து வருடம் பேசாதவர்கள் இருக்கிறார்கள். நான் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, நைனா, இன்றைக்கு ஒரு நாள் லக்காவை உள்ளே விடுங்கள், பெயின்டால் வந்த வினை, அவள் வந்தால் என்னை உயிரோடு விடமாட்டாள் என்று மன்றாடினேன்.

அவர் பல் குத்திக்கொண்டே, "ஆட்டத்துல பொண்டாட்டிக்குப் பயந்தவனுக்குனு தனிச் சட்டம் எதுனா கீதா மாமு?" என்றார். "எங்க எறங்குதோ அது அவுங்க புறா. அதான பேச்சு."

அதோடு விட்டாரா? தன் கூண்டிலிருந்து ஒரு தனி வெள்ளைப் புறாவை எடுத்துத் தட்டி மேலே விட்டார். அது போய் நம்முடையவற்றோடு கலந்து, கூட்டத்தையே தன் வீட்டுக்கு அழைத்து வரும். பழைய தந்திரம். ஏழும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தன. ஒவ்வொரு வட்டமும் அவர் மாடிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

மணி மூன்றே கால். நாற்பது டன் பெட்டியை ஐந்தடுக்கு உயரத்தில் வைக்கும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை. இங்கே அரை கிலோ கூடத் தேறாத பறவைக்காகக் கால், கை, மீசை எல்லாம் நடுங்கின. நடுக்கத்தில் மனிதனுக்கு ஞானம் பிறக்கும் என்பார்கள். எனக்குப் பிறந்தது. புறாவுக்குக் கூரை மட்டுமா அடையாளம்? கம்பு போடுகிற ஆளும் அடையாளம் இல்லையா? அவள் தினமும் காலையிலும் மாலையிலும் எந்தக் கோலத்தில் மாடிக்கு வருவாள்? மஞ்சளில் பெரிய பெரிய ஊதாப் பூ போட்ட நைட்டி, தோள்மேல் ஒரு பூத்துவாலை.

கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்துத் தலைவழியாக மாட்டினேன். தொப்பையில் ஒரு நிமிடம் சிக்கி, பிறகு இறங்கியது. துவாலையைத் தோளில் போட்டேன். மீசைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த உயரத்திலிருந்து தெரியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு, மாடி நடுவில் நின்று, இடுப்பில் ஒரு கை வைத்து, அவள் நிற்பதுபோலவே நின்று கம்பு டப்பாவை ஆட்டினேன்.

வேலை செய்தது, கேளுங்கள். கூட்டம் அந்தப் பக்கம் சாய்வதை விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு நேர் மேலே வந்தது. தென்னை உயரத்துக்குத் தாழ்ந்தது. கரும்புள்ளியின் கழுத்து தெரிந்தது. அப்போது பார்த்து நிலக்கரி ஏற்றின கூட்ஸ் வண்டி ஒன்று சிக்னல் கிடைக்காமல் எங்கள் வீட்டுக்கு நேராகவே வந்து நின்றது. எஞ்சினிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். மீசை வைத்த பெண்மணி ஒருத்தி சிகப்புக் கூண்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்து, வணக்கம் போடுவதுபோல ஒரு நீள ஹாரன் கொடுத்தார். ஏழு புறாவும் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டன. கேட்மேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். நாற்காலி உடையவேண்டும் என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை போலிருக்கிறது, உடையவில்லை.

போன் அடித்தது. அவள்தான். ரயில் ஏறிவிட்டாளாம், திருவொற்றியூர் தாண்டிவிட்டதாம்.

"எறங்கிடுச்சா?" என்றாள்.

"எறங்கிகினே கீது," என்றேன்.

"மணி மூணரை ஆவுது. இன்னும் இன்னா எறங்கிகினு? கரும்புள்ளி தண்ணி குடிச்சுதா?"

மேலே பார்த்தேன். கூட்டம் மறுபடி கேட்மேன் பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளை முன்னால் போக, கரும்புள்ளி அதற்கு நேர் பின்னால். இன்னும் பத்து வட்டம், அல்லது எட்டு. குடித்தது என்று ஒரு சொல் சொன்னால் அவள் வந்து சேரும் வரைக்கும் ஒரு மணி நேரம் நான் நிம்மதியாக இருக்கலாம். அந்த ஒரு மணியில் கரும்புள்ளி எதிர் வீட்டுக்காரி ஆகிவிடும். இருபத்திநாலு வருடக் கல்யாணத்தில் நான் முழுசாக ஓர் உண்மையைச் சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு.

"ம்மே, ஒண்ணு சொல்றேன், ரயில்ல இருந்து குதிச்சிடாத. கூண்டு முழுக்க சிகப்பு பெயின்ட் அடிச்சிட்டேன். காயறதுக்குள்ள எறங்கிடப்போவுதுன்னு நானே தொரத்தி வுட்டுட்டேன். ஆறும் இன்னும் மேலதான் கீது. கேட்மேன் வெள்ளைய ஏத்தி வுட்டு இழுத்துகினு கீறாரு."

ரயில் ஓடுகிற ஓசை. முறுக்கு விற்கிறவன் குரல் வந்து, பெரிதாகி, கடந்து போயிற்று. வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே நீளமான முறுக்கு வியாபாரம் அது.

"என் மஞ்ச நைட்டி கொடில கீது," என்றாள் கடைசியில். "அத்த எடுத்து மாட்டிகினு நடுவுல நில்லு."

"மாட்டிகினுதான் கீறேன்."

அதற்கப்புறம் அவள் குரல் கொஞ்சம் தடுமாறி வந்தது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஓசூரிலிருந்து எங்கள் பையன் அனுப்பின பாட்டுப் பெட்டியில் போனை இணைத்துக் கூண்டுப் பக்கம் வை என்றாள். எகிறிக் குதிக்காதே, கையை ஆட்டாதே, மூச்சுகூடப் பார்த்து விடு என்றாள். ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன். நைட்டி தடுக்கி மாடிப்படியில் ஒருமுறை விழுந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது, ஆனாலும் சொல்கிறேன்.

பெட்டியை உச்சத்தில் வைத்தேன். முதலில் ரயில் சத்தம் மாடி முழுக்கத் தடதடத்தது. பிறகு அவள் குரல்.

"ஆவ்… ஆவ்… ஆவ்…"

வண்ணாரப்பேட்டையில் உருது பேசுகிற புறாக்காரர் ஒருவரிடம் அவள் அப்பா பிடித்துக்கொண்ட அழைப்பு அது. வா என்று அர்த்தம். தினம் இரண்டு வேளை அவள் அதைச் சொல்லித்தான் கம்பு போடுவாள். இப்போது மீஞ்சூர் வருகிற ரயிலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக உட்கார்ந்துகொண்டு, போனுக்குள் அடிவயிற்றிலிருந்து கூப்பிடுகிறாள். பக்கத்தில் யாரோ, என்னாச்சும்மா, மயக்கமா என்று கேட்பது எங்கள் மாடியில் கேட்டது. ஒரு குழந்தை அவளோடு சேர்ந்து ஆவ் ஆவ் என்றது. அவள் நிறுத்தவில்லை.

கூட்டம் நடு வட்டத்தில் அப்படியே தடுமாறி நின்றது. கரும்புள்ளி முதலில் சிறகை மடக்கியது. ஒரு கரணம், இரண்டு, மூன்று, வானத்திலிருந்து யாரோ வெள்ளைக் கைக்குட்டையைச் சுருட்டிப் போட்டதுபோல உருண்டுகொண்டே வந்து, தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் சட்டென்று விரிந்து, சிகப்புக் கூரையை ஒரு பார்வை பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்து, என் தலைமேல் உட்கார்ந்தது. நகம் மண்டையில் ஏறியது. நான் மூச்சுப் பார்த்து விட்டேன். அடுத்து ஒன்று தோளில். ஒன்று பாட்டுப் பெட்டிமேல், அவள் குரலுக்கு நேர் மேலே. மற்றவை தரையில் இறங்கிக் கம்பைக் கொத்தத் தொடங்கின. அசையாமல் கண்ணை மட்டும் உருட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். அழைத்துப்போக வந்த வெள்ளை, கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் இறங்கிக் கம்பு தின்றுகொண்டிருந்தது. எதிர் மாடியில் பார்த்தேன். கேட்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். வாயிலிருந்து பல்குச்சி விழுந்திருந்தது.

நாலரைக்கு ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். வாசலில் சிகப்பு வால் ஆடி வரவேற்றது. தரையில் பூனைத் தடம் வழிகாட்டியது. மாடிப்படியின் முடிவில், காலில் மருதாணியோடு லக்கா நின்றது. அப்புறம் கூண்டு. அப்புறம் நான். இவ்வளவையும் அவள் ஒரு வார்த்தை பேசாமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கூண்டுக்குள் கை விட்டுக் கரும்புள்ளியை எடுத்து, சிறகை விரித்து ஒவ்வோர் இறகாகப் பார்த்தாள். ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லை. அதன் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, நைட்டியின் கை தையல் விட்டிருப்பதை விரலால் தொட்டுப் பார்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, மல்லிகை சரிந்து விழ, கால் நீட்டிக்கொண்டு சிரித்தாள். ரயிலிலிருந்தே அடக்கி வைத்திருந்தாளாம்.

கேட்மேன் கேட்டுக்கு வெளியே வந்து நின்று கூப்பிட்டார். தாயி, நம்ம வெள்ளை ஒண்ணு வழி தப்பி உங்க மாடிக்கு வந்துடுச்சு போல என்றார், குரலில் அவ்வளவு பால். இவள் கைப்பிடிச் சுவருக்கு வந்து குனிந்தாள்.

"எங்க எறங்குதோ அது அவுங்க புறா. அதான பேச்சு, நைனா?"

அந்த வாசகத்தை நான் அவளிடம் சொல்லவேயில்லை. புறாக்காரர் வீட்டுப் பெண் அவள், சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்மேன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அது சோளம் தொடாது, கம்புதான் தின்னும், ராத்திரியில் தனியாக வைத்தால் பயப்படும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஆட்டம் ஆட்டம்தான். அவர் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

லக்காவின் காலில் தேங்காய் எண்ணெய் தடவி அவள் துடைக்கத் துடைக்க, பெயின்டை நாளைக்கே சுரண்டிவிடுகிறேன் என்று நான் பவ்யமாகச் சொன்னேன். அவள் கையை நிறுத்தினாள். தொடாதே என்றாள். பழைய நிறத்துக்கு மாற்றினால் மறுபடி மிரளும். இனிமேல் சிகப்புதான் வீடு என்று அவற்றுக்குப் பழக்க வேண்டும், அதற்கு மூன்று வாரம் சரியாக இருக்கும். நல்லதாகப் போயிற்று என்று நான் மூச்சு விட்டேன். அவள் முடிக்கவில்லை.

"சிகப்பு புதுசு. அதுங்க இன்னிக்கு நம்பி எறங்குனது என் கொரலையும் இந்த நைட்டிய மாட்டிகினு அசையாத நின்ன ஆளையும்தான். பந்தயம் முடியிற வரைக்கும் அதையும் மாத்தக்கூடாது."

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் விடிகாலை ஆறு மணிக்கும், யார்டிலிருந்து திரும்பினதும் சாயங்காலம் ஒருமுறையும், மஞ்சளில் ஊதாப் பூ போட்ட நைட்டியும் தோளில் பூத்துவாலையுமாக நான் மாடி நடுவில் நிற்கிறேன். கரும்புள்ளி என் தலையில் வந்து இறங்குகிறது, வேறு எங்கும் இறங்குவதில்லை. தையல் விட்ட கையை அவள் தைத்து, தொப்பைப் பக்கம் கொஞ்சம் பிரித்தும் கொடுத்திருக்கிறாள். தனக்குப் புதிதாக இரண்டு நைட்டி எடுத்துக்கொண்டாள். கூட்ஸ் ஓட்டுநர் இப்போதெல்லாம் ஹாரன் அடிப்பதில்லை, கை மட்டும் காட்டுகிறார்.

அடுத்த ஞாயிறு பந்தயம். நடுவர் காலை ஐந்தரைக்கே நோட்டோடு வந்துவிடுவாராம். கூண்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பளபளவென்று இருக்கிறது.